பாதிப் பொட் ஆட்டத்துக்கு 500 சிப் பெட்டி: எதை வைத்துக்கொள்வது, எதை எறிவது

யாழ் நகரில் விளையாட்டுச் சாமானும் பரிசுப் பொருளும் விற்கிற கடைகள் சிலவற்றில் வெள்ளி நிற அலுமினியப் பெட்டி ஒன்று கண்ணாடி அலுமாரிக்குள் கிடக்கும். உள்ளே போக்கர் ஆட்டத்துக்கான 500 சிப் (காசுக்குப் பதிலாகப் பந்தயம் வைக்கிற வட்டத் துண்டு), இரண்டு கட்டுக் கடுதாசி, ஐந்து தாயக்கட்டை, ‘டீலர்’ என்று எழுதிய வெள்ளை வட்டம், மடித்த தாள் ஒன்று. கம்பனிப் பெயர் எங்கேயும் இராது. சீனத்திலிருந்து வரும் பொதுச் சாமான். இதைச் செய்தவர்கள் டெக்ஸஸ் ஹோல்டெம் என்ற போக்கர் வகையை மனதில் வைத்துத்தான் செய்திருக்கிறார்கள். ஒமாஹா ஹை-லோ போல, பொட்டை (எல்லாரும் போட்ட பந்தயம் நடுவில் சேர்ந்தது) இரண்டாகப் பிரிக்கிற ஆட்டத்துக்கு இது காணுமா என்பதுதான் இந்த மதிப்புரை. விலை டொலரோடு ஏறி இறங்குகிறது, கடைக்குக் கடை வேறு மாறுகிறது. ஆகவே இலக்கம் தரவில்லை, இரண்டு கடையிலாவது கேட்டுவிட்டு வாங்குங்கள்.

முடிவை முதலே சொல்லிவிடுகிறோம். சிப் நல்லது, ஆனால் எண் அச்சடிக்காத செற்றை மட்டும் வாங்குங்கள். கடுதாசி உதவாது. அந்தத் தாள் உதவாது என்பது மட்டுமில்லை, ஆளைப் பிழையான வழியிலும் விடும்.

ஆட்டம் தெரியாதவருக்குச் சுருக்கமாக: ஒமாஹா ஹை-லோவில் கைக்கு நான்கு கடுதாசி, போர்ட்டில், அதாவது எல்லாருக்கும் பொதுவாக மேசையில் திறந்து வைப்பதில், ஐந்து. கையிலிருந்து சரியாக இரண்டு, போர்ட்டிலிருந்து சரியாக மூன்று எடுத்து ஐந்து சேர்க்க வேண்டும். மிக உயர்ந்த கைக்குப் பொட்டில் பாதி. எட்டோ அதற்குக் கீழோ உள்ள ஐந்து வெவ்வேறு எண் சேர்ந்தால் அது லோ. மிகத் தாழ்ந்த லோவுக்கு மற்றப் பாதி. ஆசு இங்கே ஒன்று என்றும் கணக்கு. லோவைப் பார்க்கும்போது வரிசையும் ஒரே சாதியும் தடையில்லை, ஆகவே ஆசு-2-3-4-5 எல்லாவற்றிலும் நல்ல லோ; அதுவே ஹை பக்கம் ஐந்து வரை போகும் ஸ்ட்ரெய்ட்டும் (தொடர் வரிசையும்) ஆகும். ஹைக்கு ஒரு சோடி, லோவுக்கு இன்னொரு சோடி என்று கையிலிருந்து வெவ்வேறு இரண்டை எடுக்கலாம். போர்ட்டில் எட்டுக்கு உட்பட்ட மூன்று வெவ்வேறு எண் வராவிட்டால் லோ என்ற பேச்சே இல்லை, ஹை முழுவதையும் அள்ளும். எழுந்தமானமாக விழும் ஐந்து கடுதாசியில் லோவுக்கு இடம் வருவது ஏறத்தாழ 60%.

இனி சிப்.

பெட்டியில் ‘கிளே’ என்று போட்டிருந்தாலும் களிமண் ஒன்றும் கிடையாது. பிளாஸ்டிக்கை வார்த்து நடுவில் இரும்புத் தட்டு வைத்த 11.5 கிராம் சிப் இது. காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோனால் ஒட்டும். அதில் குற்றம் ஒன்றுமில்லை. கையில் பாரம் தெரியும், விழுந்தாலும் உடையாது. பார்க்க வேண்டியது பாரத்தை அல்ல, தடிப்பை. ஒரு சிப் 3.3 மில்லிமீற்றர் அளவில் இருக்கும், 20 சிப் அடுக்கினால் ஆறரைச் சென்ரிமீற்றருக்குச் சற்று மேல். கடையிலேயே வெள்ளையில் 20, சிவப்பில் 20 அடுக்கி அருகருகே வைத்து மேலே விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தடக்கினால் அந்தப் பெட்டி வேண்டாம். ஹோல்டெம் ஆடுபவருக்கு இது பெரிய விடயமில்லை. இங்கே ஒவ்வொரு கையிலும் பொட்டை உயரம் பார்த்துத்தான் பிரிக்கப் போகிறீர்கள். தடிப்புப் பிசகினால் ஆளுக்கொரு சிப் கூடும், குறையும், பிறகு சண்டைதான்.

அச்சடித்த எண் ஏன் வேண்டாம்? அந்தச் செற்றுகளில் வழமையாக 1, 5, 25, 100 என்று இருக்கும். ஐந்தை இரண்டாகப் பிரிக்க முடியாது. 25ஐ நான்காகப் பிரிக்கவே முடியாது. லோவில் இரண்டு பேர் சமனாக வந்தால் பொட்டின் காற்பங்கை எடுத்துக் கொடுக்க வேண்டும், அது இந்த ஆட்டத்தில் அடிக்கடி நடக்கும். எண் இல்லாத, விளிம்பில் தாயக்கட்டைப் புள்ளி மட்டும் உள்ள செற் என்றால் மதிப்பை நாங்களே வைக்கலாம்: வெள்ளை 1, சிவப்பு 4, பச்சை 16. சிவப்பின் பாதி இரண்டு வெள்ளை, காற்பங்கு ஒரு வெள்ளை. பச்சையின் காற்பங்கு ஒரு சிவப்பு. எதையும் மீதியில்லாமல் உடைக்கலாம். நான்கின் கணக்கு முதலில் கொஞ்சம் இடறும்தான். ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11 என்று மனதுக்குள் கூட்டி 304 ஆடிப் பழகிய ஊருக்கு இது ஒரு பாரமில்லை.

நாங்கள் திறந்து எண்ணிய பெட்டியில் வெள்ளை 150, சிவப்பு 150, பச்சை 100, நீலம் 50, கறுப்பு 50. எல்லாப் பெட்டியும் இப்படியே வராது, வெள்ளையும் சிவப்பும் கூடுதலாக உள்ளதைத் தேடுங்கள். ஆறு பேர் என்றால் ஆளுக்கு 20 வெள்ளை, 20 சிவப்பு, மொத்தம் 100. வெள்ளையில் 30, சிவப்பில் 30 மாற்றுவதற்கு மிஞ்சும். எட்டுப் பேர் வந்தால் ஆளுக்கு 16 வெள்ளை, 17 சிவப்பு, ஒரு பச்சை. அதுவும் 100 தான். சிப் முடிந்து திரும்ப எடுப்பவருக்கு ஆறு பச்சையும் ஒரு சிவப்பும் கொடுத்தால் கணக்குச் சரி. பிளைண்ட் (கடுதாசி பார்க்க முன் இருவர் கட்டாயமாகப் போடுவது) 1, 2. முதல் இரண்டு சுற்றிலும் பந்தயம் 2, அடுத்த இரண்டு சுற்றிலும் 4, ஒரு சுற்றுக்கு ஒரு பந்தயமும் மூன்று ரெய்ஸும் (பந்தயத்தை ஏற்றுவதும்) என்று கட்டுப்பாடு. அப்படி வைத்தால் ஒரு கையில் ஒருவர் ஆகக் கூடப் போடக்கூடியது 8, 8, 16, 16 என்று 48. ஆளுக்குக் கொடுத்த 100 இரண்டு கடும் கையைத் தாங்கும். 300 சிப் பெட்டி ஆறு பேருக்குக் காணாது. சில்லறை மாற்றுவதிலேயே ஆட்டம் நின்றுவிடும்.

பிரிக்கிற முறையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதியவர் மேசையில் நேரம் போவது இதில்தான். பொட்டை எண்ணாதீர்கள். நிறம் நிறமாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்தையும் இரண்டு அடுக்காக உயர்த்தி, சமனா என்று பாருங்கள். ஒரு பச்சை மிஞ்சினால் நான்கு சிவப்பாக மாற்றுங்கள், ஒரு சிவப்பு மிஞ்சினால் நான்கு வெள்ளையாக. கடைசியில் ஒரு வெள்ளை மிஞ்சினால் அது ஹை பக்கத்துக்கு. லோவில் இருவர் சமன் என்றால் லோப் பாதியை மட்டும் திரும்ப இரண்டாக்குங்கள். அதில் மிஞ்சும் ஒற்றை, டீலர் வட்டத்துக்கு இடப்பக்கம் முதலில் இருப்பவருக்கு. முழுப் பொட்டையும் ஒரேயடியாக நான்காகப் பிரிக்கப் போனால் ஒற்றைச் சிப் பிழையான ஆளிடம் போய்ச் சேரும். ஒருவர் சிப் முடிந்து இடையில் நின்றிருந்தால் பக்கப் பொட் உண்டாகும். பக்கப் பொட்டையும் நடுப் பொட்டையும் கலக்காமல் தனித்தனியே பிரிக்க வேண்டும், பக்கப் பொட்டை முதலில்.

லோவை வாசிப்பதில் வருகிற தகராறுக்கும் ஒரு வழி உண்டு. ஐந்து எண்ணையும் பெரியதிலிருந்து சிறியதுக்கு எழுதி ஒரே எண்ணாக வாசியுங்கள். 7-6-5-4-3 என்பது 76543. 8-4-3-2-ஆசு என்பது 84321. சிறிய எண் வெல்லும். ‘என்னிடம் ஆசும் இரண்டும் இருக்கு’ என்று கத்துவதால் 84321 சிறிதாகாது.

இப்போது பெட்டிக்குள் உள்ள தாளுக்கு வருவோம். அதில் ராயல் ஃபிளஷ்ஷிலிருந்து ஒரு சோடி வரை ஹை கைகளின் வரிசை படத்தோடு இருக்கிறது. லோவைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அந்த வரிசையை மட்டும் பார்த்து ஆடுபவர் ஹை-லோவில் பாதிக்காக முழு விலை கொடுப்பார். தாளில் இருந்திருக்க வேண்டியது பந்தயக் கணக்கு. அதை இங்கே போடுகிறோம், வெட்டிப் பெட்டிக்குள் ஒட்டிவைக்கலாம்.

முதல் கணக்கு, பாதி என்றால் எவ்வளவு. இரண்டு பேர் மட்டும் ஆளுக்கு 40 போட்டிருக்கிறீர்கள், பொட் 80. பாதியை வென்றால் 40, போட்டதே திரும்பி வருகிறது. அவ்வளவு நேரம் இருந்ததற்கு இலாபம் சுழியம். மூன்று பேர் என்றால் பொட் 120, பாதி 60, இலாபம் 20. இதே இடத்தில் லோவை இன்னொருவரோடு பங்குபோட்டால் கைக்கு 30 வரும். ‘வென்று’ 10 தோற்கிறீர்கள். நான்கு பேரில் காற்பங்கு கிடைத்தால் போட்ட 40 அப்படியே வரும். இருவர் மட்டும் இருக்கும்போது காற்பங்கு என்றால் 20 வந்து 20 போகும். இந்த ஐந்து கணக்கும் மனதில் இருந்தால் எங்கே ரெய்ஸ், எங்கே பேசாமல் கோல் (ஏற்றாமல் அதே அளவு போட்டு நிற்பது) என்பது பெரும்பாலும் தானாகத் தெரியும்.

ரிவரில், அதாவது போர்ட்டின் ஐந்தாவது கடுதாசி விழுந்தபின், இப்படி வரும்: மூன்று பேர் நிற்கிறீர்கள், உங்களிடம் ஆசு-2, லோவில் இதைவிட நல்லது இல்லை, ஹை ஒன்றுமில்லை. ஒருவர் 4 போட்டார், அடுத்தவர் கோல். நீங்கள் ரெய்ஸ் பண்ணலாமா? ரெய்ஸில் நீங்கள் மேலதிகமாகப் போடுகிற 4க்கு, மற்ற இருவரும் நின்றால் பொட்டில் 12 கூடும். லோ உங்களுக்கு மட்டும் என்றால் அதில் 6 உங்களுக்கு, இலாபம் 2. இன்னொருவரிடமும் ஆசு-2 என்றால் 3 தான் வரும், 1 நட்டம். ஆகவே மூன்றில் இரண்டு தடவைக்கு மேல் பங்கு போக வேண்டி வரும் என்று நினைத்தால் ஒழிய ரெய்ஸ்தான் சரி. ஒரே நிபந்தனை, மூன்றாவது ஆள் நிற்க வேண்டும். அவர் கையை எறிந்துவிட்டுப் போனால் மிஞ்சுவது இருவர். தனி லோ என்றால் மேலதிக 4க்கு இலாபம் எதுவும் இல்லை, பங்கு என்றால் 2 நட்டம். நடுவில் நிற்பவர் பயந்த ஆள் என்றால் பேசாமல் கோல் பண்ணுங்கள். நான்கு பேர் நின்றால் யோசிக்கவே வேண்டாம்: தனி லோவுக்கு 4 இலாபம், பங்கு என்றாலும் நட்டமில்லை.

இங்கேதான் ஹோல்டெம் பழக்கம் ஆளைக் கெடுக்கும். நல்ல கை வந்தால் மற்றவரைத் துரத்த வேண்டும் என்று அங்கே கை பழகியிருக்கும். தனி லோவோடு இருப்பவர் ஆட்களைத் துரத்தினால் தன் இலாபத்தையே துரத்துகிறார்.

இரண்டாவது, லோ வருமென்று காத்திருப்பதற்கு என்ன கொடுக்கலாம். கையில் ஆசு-2-9-9, நான்காம் கடுதாசி விழுந்தபின் போர்ட்டில் 4-7-ஜாக்கி-ராசா. லோவுக்கு 3, 5, 6, 8 இல் ஒன்று வர வேண்டும். 16 கடுதாசி, பார்க்காதது 44. அதாவது 36%. பொட்டில் 24 இருக்க எதிராளி 4 போடுகிறார், நீங்கள் 4 போட்டால் மொத்தம் 32, பாதி 16. 16ஐ எடுக்க 4 கொடுக்கிறீர்கள், 25% காணும். உங்களிடம் 36% இருக்கிறது, கோல். அதே இடத்தில் பொட் 12 மட்டும் என்றால் மொத்தம் 20, பாதி 10, 40% தேவை. லோவை மட்டும் நம்பி நிற்பவர் எறிய வேண்டும். பெரிய பொட்டிலும் இன்னொருவரிடம் ஆசு-2 இருக்குமென்ற சந்தேகம் உண்டானால் உங்களுக்கு வரக்கூடியது 8, அதற்கு 50% தேவை. எறியுங்கள். முழுப் பொட்டுக்கு ஆடுவது போல் மனதுக்குள் 32ஐ வைத்துக் கணக்குப் பார்ப்பதுதான் புதியவர் எல்லாரும் விடுகிற பிழை.

இனி அதே போர்ட்டுக்கு ஆசு-2-3-9ஐப் பாருங்கள். 5, 6, 8 வந்தாலும் சரி, மிச்சம் உள்ள மூன்று ஆசு, மூன்று இரண்டு, மூன்று மூன்று எது வந்தாலும் சரி, லோ பூர்த்தியாகும். அதுவும் அந்த நேரத்தில் இருக்கக்கூடிய நல்ல லோவாகவே. 12உம் 9உம் 21. ஏறத்தாழ 48%. கையில் ஒரு மூன்று இருப்பது 36ஐ 48 ஆக்குகிறது. பொட் 12 ஆக இருந்தபோது எறியச் சொன்ன அதே இடத்தில் இந்தக் கைக்குக் கோல் சரி.

லோ வந்தபின்னும் அது நிலைக்க வேண்டும். ஆசு-2 கையில், ஃபிளொப் (போர்ட்டில் முதலில் விழும் மூன்று) 4-7-8. இப்போது உங்களை மிஞ்ச லோ இல்லை. ஆனால் அடுத்த இரண்டு கடுதாசியில் இன்னொரு ஆசோ இரண்டோ வந்தால் 2-3 அல்லது ஆசு-3 வைத்திருப்பவர் உங்களை முந்துவார். அதற்கு வாய்ப்பு நான்கில் ஒன்று. ஆகவே ஃபிளொப்பிலேயே வென்றுவிட்டதாக நினைத்து, ஹை ஒன்றும் இல்லாமல், இருவர் மட்டும் நிற்கும் பொட்டில் ரெய்ஸுக்கு மேல் ரெய்ஸ் ஏற்றுவது வீண். வென்றாலும் போட்டதுதான் வரும், பிசகினால் எல்லாம் போகும். மூன்றும் கையில் இருந்தால் கதை வேறு.

லோவுக்கு ஒரே ஒரு கடுதாசி உள்ள ஃபிளொப்பில், உதாரணமாக 4-ராணி-ராசா, லோவை மட்டும் நம்பி நிற்பது சுத்த நட்டம். 3, 5, 6, 7, 8 இல் வெவ்வேறு இரண்டு அடுத்தடுத்து வர வேண்டும்; வாய்ப்பு 16%. அதுவும் பாதிக்கு. மறுபக்கத்தில், அந்த ஃபிளொப்பில் மூன்று ராசாவோ மூன்று ராணியோ வைத்திருப்பவர் இருந்த இடத்திலேயே பந்தயம் ஏற்ற வேண்டும். இப்போது பொட் முழுவதும் அவருடையது. இரண்டு சிறு கடுதாசி விழுந்தால் பாதிதான் அவருக்கு. இலவசமாகப் பார்க்க விடக்கூடாது.

கையை எடுப்பதா எறிவதா என்பதைப் பற்றி நிறைய எழுதலாம், இங்கே இரண்டு விடயம். ஆசு-ஆசு-2-3, இரண்டு சாதியாகச் சோடி சேர்ந்து வந்தால் அதைவிட நல்ல தொடக்கம் இல்லை. 6-7-8-9, 7-8-9-10 போன்றவை ஹோல்டெம் கண்ணுக்கு அழகாகத் தெரியும். ஸ்ட்ரெய்ட் அமைந்தாலும், அதை அமைக்கிற கடுதாசி அநேகமாக லோவையும் அமைத்துவிடும். முழுப் பந்தயம் கொடுத்துப் பாதி எடுப்பீர்கள், சில வேளை அந்தப் பாதியும் பெரிய ஸ்ட்ரெய்ட்டுக்குப் போய்விடும். நடுக் கடுதாசியை எறியப் பழகாதவருக்கு இந்த ஆட்டம் சரிவராது.

காசு வைக்காமல் ஆடும்போது ஒரு சிக்கல் உண்டு. ஒருவரும் எறிய மாட்டார்கள். ‘சும்மாதானே’ என்று ஆறு பேரும் ரிவர் வரை வருவார்கள். அந்த மேசையில் ஏமாற்றுப் பந்தயம் வேலை செய்யாது, போடாதீர்கள். நல்ல கைக்கு மட்டும் போட்டு, ஹை-லோ இரண்டும் எட்டக்கூடிய கையோடு பொட்டைப் பெருக்குங்கள். ஆட்கள் கூட நிற்பதால் பாதி வென்றாலும் இலாபம்தான். எறிவதற்கு ஒரு காரணம் வர வேண்டுமென்றால் ஒவ்வொரு நாள் முடிவிலும் ஆளுக்கு எத்தனை சிப் என்று கொப்பியில் எழுதி மாதக் கடைசியில் கூட்டுங்கள். காசு வைத்து ஆடுவது வேறு கதை. இலங்கையில் கசினோவுக்குச் சட்டமும் உரிமமும் இருக்கின்றன, வீட்டு விறாந்தை அந்த உரிமத்துக்குள் வராது.

கடுதாசிக்கு வருவோம். பெட்டியோடு வரும் இரண்டு கட்டும் காகிதம். நான்கு கடுதாசியையும் மேசையில் கவிழ்த்து மூலையைத் தூக்கிப் பார்க்கிற ஆட்டத்தில் மூலை கெதியாக மடியும். வெயில் காலத்தில் வேர்வைக் கை வேறு. ஹை-லோவில் எல்லாரும் பிடித்துவைத்திருப்பது ஆசும் இரண்டும் மூன்றும். மற்றவை கையில் தங்குவதில்லை. ஆகவே முதலில் மடிந்து அடையாளம் படிவது அவைதான். எதிராளியின் கையில் மூலை மடிந்த இரண்டு கடுதாசி தெரிந்தால் அவரிடம் லோ இருக்கிறது என்று மேசைக்கே தெரிந்துவிடும்.

அதை மாற்றப் போய் வீட்டில் கிடக்கிற 304 கட்டை எடுக்க வேண்டாம். நான்கு பேர் ஆடும் 304க்கு ஏழும் அதற்கு மேற்பட்டவையுமான 32 கடுதாசி மட்டுமே போகும். இரண்டு முதல் ஆறு வரை பெட்டியிலேயே தூங்கும். சில மாதம் ஆடிய கட்டில் பெரியவை பழுப்பேறி மெலிந்து, சின்னவை புதிதாகப் பளபளக்கும். அதை ஹை-லோவுக்கு எடுத்தால் முதுகைப் பார்த்தே யார் லோவுக்கு ஆடுகிறார், யார் ஹைக்கு ஆடுகிறார் என்று சொல்லிவிடலாம். இந்த ஆட்டத்தில் மறைக்க வேண்டிய ஒரே விடயம் அதுதான்.

முழுப் பிளாஸ்டிக் கட்டு இரண்டு தனியாக வாங்குங்கள். அழுக்கானால் ஈரத் துணியால் துடைக்கலாம், மடித்துவிட்டாலும் நிமிரும். அகலம் இரண்டு வகை வரும்: 63 மில்லிமீற்றர், 57 மில்லிமீற்றர். நான்கை ஒன்றாகப் பிடிப்பதற்கு 57 வசதி. மூலை எண் பெரிதாக உள்ளதா என்றும் பாருங்கள். மேசையின் மறுகரையில் இருப்பவர் போர்ட்டில் 6ஐயும் 8ஐயும் மாறி வாசித்தால் லோ கணக்கே பிழைக்கும். சில கட்டுகளில் நான்கு சாதிக்கும் நான்கு நிறம் இருக்கும். டயமனையும் ஆட்டினையும் குழப்பாமல் இருக்க அது நல்லது, பழகியவருக்குக் கண்ணை உறுத்தும். மின்விசிறிக்குக் கீழே காகிதக் கட்டு பறக்கும், பிளாஸ்டிக் வழுக்கும். மேசைக்கு மேல் தடித்த பெட்சீற் ஒன்றை இழுத்து விரித்தால் இரண்டுக்கும் மருந்து.

பெட்டியின் கட்டுமானம் சுமார். சிப் மட்டும் ஐந்தே முக்கால் கிலோ, அலுமினியத் தகடு மெல்லியது. கைபிடியில் தூக்கி நடந்தால் அந்தப் பக்கத்து ஆணி தளரும். அடியில் கைகொடுத்துத் தூக்குங்கள். உள்ளே சிப் இருக்கும் பிளாஸ்டிக் தட்டுக்கு நடுவில் வெடிப்பு இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். கொழும்பிலிருந்து பார்சலில் எடுத்தால் இந்த வெடிப்பு சகசம், அனுப்பும் கூலியும் பாரத்துக்குத்தான். பூட்டுச் சாவி விளையாட்டுச் சாவி, நம்ப வேண்டாம். டீலர் வட்டம் நல்ல பெரிதாக இருக்கிறது, அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றுமில்லை. தாயக்கட்டை ஐந்தும் பிள்ளைகளுக்கு.

சிலர் வீட்டு ஆட்டத்தில் ஹையா லோவா என்று அறிவித்துவிட்டுத்தான் கையைக் காட்டுவார்கள். எல்லாரும் கையை மேசைக்குக் கீழே கொண்டுபோய், சிப்பை உள்ளங்கையில் மறைத்து, மூடிய கையை மேலே நீட்டி ஒரே நேரத்தில் திறப்பார்கள்: வெறுங்கை என்றால் லோ, ஒன்று என்றால் ஹை, இரண்டு என்றால் இரண்டுக்கும். இதற்கு 40 மில்லிமீற்றர் சிப் நல்லதல்ல. இரண்டு சிப் கைக்குள் உரசும் சத்தம் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும். இந்த வகை ஆடுவதென்றால் சத்தம் வராத ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் என்று அறிவித்தவர் ஒரு பக்கத்தில் தோற்றாலும் முழுவதையும் இழப்பார் என்பதுதான் பல வீடுகளில் உள்ள விதி. சமன் வந்தால் தோல்வியா இல்லையா என்பதை முதல் கைக்கு முன்னமே பேசி முடிவெடுங்கள்.

ஏழு கடுதாசி ஸ்டட் ஹை-லோவுக்கும் இதே பெட்டி போதும், ஆனால் ஆறு பேருக்கு மேல் வேண்டாம். ஆளுக்கு ஏழு என்று 42, சுற்றுக்கு ஒன்று என்று கழிக்கிற நான்கும் சேர்த்து 46. ஏழாவது ஆள் வந்தால் கட்டில் கடுதாசி போதாமல் வரலாம். அதில் ஒவ்வொரு கைக்கும் எல்லாரும் ஆளுக்கொரு வெள்ளை முன்கூட்டியே போட வேண்டும், வெள்ளை கெதியில் ஓரிடத்தில் குவியும். சிவப்பு கொடுத்து வெள்ளை வாங்குகிற வேலையை டீலர் ஒவ்வொரு சுற்று முடிவிலும் செய்தால் ஆட்டம் நிற்காது. மீதியாக இருக்கிற 50 நீலத்தையும் வெள்ளையோடு சேர்த்து ஒன்று என்று வைத்துக்கொண்டாலும் சரிவரும், தொடங்குவதற்கு முன் எல்லாருக்கும் சொல்லிவிட்டால்.